தொலைவிலிருந்து திறக்கும் கதவு

நுழையும்முன்

வீட்டின் மூலையில் சிறுவிளக்குகள் மின்ன அமர்ந்திருக்கும் திசைவியை, இணையம் தடைபடும்போது மட்டுமே பலரும் திரும்பிப் பார்க்கின்றனர். 'ரௌட்டர்' என மக்கள் வழங்கும் இக்கருவியைத் தேர்ந்தெடுப்பதிலும் தொலைவிலிருந்து பேணுவதிலும் அறிவியலோடு பொறுப்புணர்வும் கலந்திருப்பதை இப்பாடம் விளக்குகிறது.

ஒரு மாலைப்பொழுது

உயர்கல்விக்கு இணையவழியில் விண்ணப்பிக்க அன்று இறுதிநாள். மாலை ஐந்து மணிக்குச் சிற்றூர் வீடொன்றில் இணையம் தடைபடுகிறது. மாணவியின் தந்தை, இணைப்பு வழங்கிய சிறு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைக்கிறார். அந்நிறுவனம் இருபது கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. அங்குப் பணியாற்றுவோர் மூவர். அவர்களுள் இருவர் வேற்றூரில் அறுந்த வடத்தை இணைத்துக்கொண்டிருக்கின்றனர். மூன்றாமவர் இருக்கையைவிட்டு எழாமலேயே, அவ்வீட்டுத் திசைவியின் நிலையைக் கணினித் திரையில் காண்கிறார். ஒளியிழையில் பழுதில்லை, அருகலை எனப்படும் வைஃபையின் அலைத்தடத்தில்தான் நெரிசல். அவர் தடத்தை மாற்றுகிறார். சில நிமிடங்களில் மாணவி விண்ணப்பத்தை அனுப்பிவிடுகிறாள்.

இது கற்பனைக் காட்சியே எனினும் அன்றாடம் நிகழக்கூடியது. ஒரு வீட்டுக் கருவியைத் தொலைவிலிருந்தே திறக்க முடிவது பெரும் வசதி. அதே வழியில் அயலார் ஒருவரும் நுழையக்கூடும் என்பது பெரும் இடர். இவ்விரண்டையும் ஒருங்கே எண்ணிப் பார்ப்பவரே நல்ல இணையச் சேவையாளர் ஆகிறார்.

தேர்வில் கருதத்தக்கவை

இந்தியாவில் நாடு முழுமைக்கும், ஒரு மாநிலப் பரப்புக்கும், அதனினும் சிறிய பரப்புக்கும் எனத் தனித்தனியே இணையச் சேவை உரிமங்கள் வழங்கப்பட்டு வந்துள்ளன. ஆதலால், கம்பிவடத் தொலைக்காட்சித் தொழிலில் இருந்தவர்கள் பலர் தத்தம் ஊர்களில் இணையச் சேவையாளர்களாகவும் வளர்ந்தனர். சில நூறு வாடிக்கையாளர்களைக் கொண்ட இத்தகையோர்க்குத் திசைவியின் விலை முதன்மையானதாகத் தோன்றுவது இயல்பு. ஆயினும், விலை குறைந்த கருவி பழுதுபார்க்கும் பயணங்களைப் பெருக்குமாயின், இறுதியில் அதுவே விலை மிகுந்ததாகிவிடும்.

முதலாவதாக நோக்கத்தக்கது அலைவரிசை. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகள் சுவர்களைக் கடந்து தொலைவு செல்லும். ஆனால், ஒன்றோடொன்று மோதாத தடங்கள் அதில் பொதுவாக மூன்றே உள்ளன. 5 கிகாஹெர்ட்ஸ் அலைகள் விரைவும் இடவசதியும் மிக்கவை. ஆனால், தடித்த சுவர்களுக்குள் அவற்றின் வலிமை குன்றும். எனவே, இரண்டையும் கொண்ட கருவியே பல அறைகளுள்ள வீட்டுக்கு ஏற்றது.

இரண்டாவது நினைவகம். திசைவியை இயக்கும் மென்பொருளை நிலைப்பொருள் என்பர். அதில் குறை காணப்படும்போது, திருத்திய பதிப்பை ஏற்றுவதற்குக் கருவியில் இடம் வேண்டும். 'ஓப்பன்டபிள்யூஆர்டி' என்னும் கட்டற்ற நிலைப்பொருள் திட்டம், 4 மெகாபைட் சேமிப்பகமும் 32 மெகாபைட் நினைவகமும் மட்டுமே கொண்ட பழைய கருவிகளுக்குப் புதிய பதிப்பு வழங்குவதை நிறுத்திவிட்டது. இடமில்லாத கருவி பழைய குறைகளுடனேயே காலந்தள்ள வேண்டியதாகிறது.

மூன்றாவது, தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் வழங்குவார் என்பது. நான்காவது ஒருமை. பத்து வகைக் கருவிகளை வாங்கிக் குவிப்பதைவிட, இரண்டு வகைகளை நன்கு சோதித்து வாங்குவது நன்று. பழுது நேரும்போது காரணத்தை விரைந்து கண்டறிய அது துணைபுரியும். ஐந்தாவது, தொலைவிலிருந்து பேணுவதற்குரிய பொது நெறிமுறைக்கு அக்கருவி இணங்குவது.

தொலைமேலாண்மை இயங்கும் முறை

அப்பொது நெறிமுறையின் பெயர் டிஆர்-069. பின்னாளில் 'பிராட்பேண்ட் ஃபோரம்' எனப் பெயர் மாறிய அமைப்பு, 2004ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டது. இதற்கு முன்பு ஒவ்வொரு தயாரிப்பாளரும் தமக்கென ஒரு முறையை வைத்திருந்ததால், பல நிறுவனக் கருவிகளை ஒரே இடத்திலிருந்து பேணுவது கடினமாக இருந்தது.

இம்முறையில் சேவையாளரிடம் மேலாண்மை வழங்கி ஒன்று இருக்கும். உரையாடலைத் தொடங்குவது எப்போதும் திசைவியே. புதிதாக இயக்கப்படும்போதும், பிறகு குறித்த கால இடைவெளியிலும் அது வழங்கியைத் தொடர்புகொண்டு தன் வரிசை எண், நிலைப்பொருள் பதிப்பு முதலியவற்றைத் தெரிவிக்கும். வழங்கி அதற்கு அமைப்புகளையோ கட்டளைகளையோ விடையாக அளிக்கும். உடனடித் தேவை ஏற்படின், வழங்கி திசைவியின் கதவைத் தட்டி, 'என்னைத் தொடர்புகொள்' என வேண்டலாம். இதற்கென ஒதுக்கப்பட்ட தொடர்புவாயிலின் எண் 7547.

இந்நெறிமுறையின் அடுத்த தலைமுறையான டிஆர்-369 என்பது 2018இல் வெளியிடப்பட்டது. 'ஜீனிஏசிஎஸ்' போன்ற கட்டற்ற மேலாண்மை வழங்கிகளும் கிடைப்பதால், பெரும் முதலீடு இல்லாத சிறு நிறுவனங்களும் இவ்வசதியைப் பெற இயலும்.

திசைவிகள் அனுப்பும் செய்தி மட்டுமன்று, அவற்றின் மௌனமும் பொருள் பொதிந்தது. ஒரு தெருவிலுள்ள கருவிகள் அனைத்தும் ஒரே நொடியில் மௌனமானால், வடம் அறுந்திருக்கலாம்; மின்சாரமும் தடைபட்டிருக்கலாம். இவ்விரண்டையும் பிரித்தறியவும் வழி உண்டு.

தெரிந்து தெளிவோம்
ஒளியிழை இணைப்பின் வீட்டு முனையக் கருவிகள் பல, மின்சாரம் நின்ற கணத்தில் தம்முள் எஞ்சியிருக்கும் சிறிதளவு மின்னாற்றலைக்கொண்டு, 'மின்சாரம் நின்றுவிட்டது' என்னும் செய்தியை அனுப்பிவிட்டு அணையும். பொறியாளர்கள் இதனை 'இறுதி மூச்சு' என்பர். அச்செய்தி வந்தால் மின்தடை; வராமலே தொடர்பு அற்றால் வடத்தில் பழுது என ஊகிக்கலாம்.

திறந்த கதவின் இடர்

2016ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், ஜெர்மனியில் டாய்ச்சே டெலிகாம் நிறுவனத்தின் ஏறத்தாழ ஒன்பது இலட்சம் வாடிக்கையாளர்களின் இணைப்புகள் தடைபட்டன. 'மிராய்' என்னும் தீநிரலின் திரிபு வடிவம், உலகெங்கும் 7547ஆம் தொடர்புவாயில் திறந்திருக்கும் திசைவிகளைத் தேடி அவற்றைக் கைப்பற்ற முயன்றதே காரணம். அந்நிறுவனத்தின் திசைவிகள் தீநிரலுக்கு ஆட்படவில்லை. ஆயினும், அத்தாக்குதலைத் தாங்காமல் செயலற்றுப்போயின. உதவிக்கென வைத்த வாயிலே ஊறு புகும் வழியாயிற்று. திருத்திய நிலைப்பொருளை அந்நிறுவனம் விரைந்து வெளியிட்டது. திசைவியை அணைத்து மீண்டும் இயக்கினால் அது தானே இறங்கும் என வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. நோய் வந்த வழியும் மருந்து வந்த வழியும் தொலைமேலாண்மையே என்பது இந்நிகழ்வு தரும் பாடம்.

மிராய் தீநிரலின் முதல் வடிவம் பயன்படுத்திய உத்தி மிக எளியது. தயாரிப்பாளர்கள் இட்ட ஏறத்தாழ அறுபது பயனர்பெயர், கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக இட்டுப் பார்ப்பதே அது. அவற்றை மாற்றாத கருவிகள் எண்ணற்றவையாக இருந்ததால், அவ்வுத்தி வென்றது.

திருத்தம் உருவாவது வேறு, அது வீடு சென்று சேர்வது வேறு என்பதை 2014இல் வெளிப்பட்ட மற்றொரு குறைபாடு காட்டியது. 'செக் பாயிண்ட்' நிறுவன ஆய்வாளர்கள், உலகெங்கும் ஏறத்தாழ ஒரு கோடியே இருபது இலட்சம் கருவிகளில் அக்குறை இருப்பதைக் கண்டறிந்தனர். அக்கருவிகளிலிருந்த மென்பொருளை உருவாக்கியோர் 2005ஆம் ஆண்டிலேயே அதனைத் திருத்திவிட்டனர். ஒன்பது ஆண்டுகள் கடந்தும் அத்திருத்தம் அவ்வீடுகளை எட்டவில்லை.

பூட்டும் சாவியும்

மேற்கண்ட நிகழ்வுகளிலிருந்து சிறு சேவையாளர் மேற்கொள்ளத்தக்க நடைமுறைகள் தெளிவாகின்றன. ஒவ்வொரு திசைவிக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இடவேண்டும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான கடவுச்சொல்லுடன் நுகர்பொருள்களை விற்பதைப் பிரிட்டன் 2024 ஏப்ரல் 29 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. மேலாண்மைச் செய்திகளுக்கென வலையமைப்பில் தனிப்பாதை வகுத்து, வெளியுலகிலிருந்து எவரும் அவ்வாயிலை அணுகாதவாறு அடைக்கவேண்டும். வழங்கிக்கும் திசைவிக்கும் இடையிலான உரையாடல் மறையாக்கம் செய்யப்படவேண்டும். வழங்கியின் சான்றிதழைத் திசைவி சரிபார்க்கவேண்டும். புதிய நிலைப்பொருளை ஒரே இரவில் அனைத்து வீடுகளுக்கும் அனுப்பாமல், முதலில் சில வீடுகளில் சோதித்தறிந்து பின்னர்ப் பரப்பவேண்டும். பிழையான பதிப்பு ஒன்று ஊர் முழுவதையும் ஒரே நேரத்தில் முடக்கிவிடக்கூடும்.

நம்பிக்கையே அடித்தளம்

பூட்டுகள் அயலாரைத் தடுக்கும். சாவி வைத்திருப்பவரைத் தடுப்பது அறவுணர்வே. ஒரு வீட்டில் எத்தனைக் கைப்பேசிகள் உள்ளன, அவை எந்நேரத்தில் இணைகின்றன என்பனவற்றை மேலாண்மை வழங்கி காட்டக்கூடும். அவ்விவரங்களிலிருந்து வீட்டார் உறங்கும் நேரத்தையும் ஊரில் இல்லாத நாளையும் ஊகித்தறியலாம். தனியுரிமை அடிப்படை உரிமையே என்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. எனவே, பழுதுநீக்கத் தேவையான விவரங்களை மட்டும் பார்ப்பதும், யார் எப்போது எக்கருவியைத் திறந்தார் என்பதைப் பதிவு செய்வதும், பணியிலிருந்து விலகியவரின் அணுகுரிமையை அன்றே நீக்குவதும் சேவையாளரின் கடமைகளாகும்.

அம்மாலைப்பொழுதில் மாணவியின் விண்ணப்பம் உரிய நேரத்தில் சென்று சேரத் துணைநின்றது, தொலைவிலிருந்து நீண்ட ஒரு கை. எந்த வேளையில் கதவைத் திறக்கவேண்டும், எவ்வளவு திறக்கவேண்டும், எப்போது மூடவேண்டும் என்பதை அக்கை அறிந்திருந்தது. வாடிக்கையாளரின் திசைவியைப் பேணுவது, அவ்வீட்டார் நம்பி ஒப்படைத்த திறவுகோலைப் பேணுவதே ஆகும்.