40 ஆண்டுகளைக் கடந்த 'சூப்பர் மாரியோ': 40 கிலோபைட் விளையாட்டு இன்றும் ஈர்ப்பது ஏன்?

புதுதில்லி: ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1985 செப்டம்பர் 13 அன்று வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' வீடியோ கேம் 40 ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 4 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையான இந்த விளையாட்டை, அதைச் சிறுவயதில் ஆடியவர்கள் மட்டுமன்றி, அது வெளிவந்த பின் பிறந்தவர்களும் ஆடி வருகின்றனர். பழைய நினைவுகள் மட்டுமே இதற்குக் காரணம் அல்ல. விளக்கம் ஏதும் தராமல் ஆடுபவருக்கு ஆட்டத்தைக் கற்பிக்கும் அதன் வடிவமைப்புக்கும் இதில் பெரும் பங்கு உண்டு.

ஓடியும் தாவியும் தடைகளைக் கடக்கும் 'பிளாட்ஃபார்ம்' வகையைச் சேர்ந்தது இது. ஷிகெரு மியாமோட்டோ, டகாஷி டெசுகா ஆகியோர் இதனை வடிவமைத்தனர். கடத்தப்பட்ட இளவரசியை மீட்க, மாரியோ 8 உலகங்களில் 32 கட்டங்களைக் கடக்க வேண்டும்.

முதல் கட்டம் கற்பிப்பது என்ன?

ஆட்டம் தொடங்கும்போது மாரியோ வலப்புறம் நோக்கி நிற்கிறார். திரை இடப்புறம் திரும்பி நகராது. ஆகவே, எத்திசையில் செல்ல வேண்டும் என்பது உடனே புரிந்துவிடுகிறது. சில அடிகளில் 'கூம்பா' என்ற எதிரி நேரே வருகிறது. அதன் மீது மோதினால் ஓர் உயிர் போகும். ஆனால் ஆட்டம் அப்போதுதான் தொடங்கியிருப்பதால் இழப்பு சிறிது. அடுத்த முறை தாவிக் கடக்கலாம், அல்லது அதன் தலை மீது குதிக்கலாம் என்பதை ஆடுபவர் தாமே கண்டறிகிறார்.

கேள்விக்குறி இட்ட கட்டியை முட்டினால் நாணயம் கிடைக்கிறது. மற்றொரு கட்டியிலிருந்து காளான் வெளிப்படுகிறது. கூம்பாவின் சாயல் இருப்பதால் புதியவர் அதைக் கண்டு விலக முயலக்கூடும். ஆனால், அந்தக் காளான் எதிரே உள்ள குழாயில் மோதி மாரியோவை நோக்கியே திரும்பி வருகிறது. பெரும்பாலும் அதைத் தவிர்க்க முடிவதில்லை. தொட்டதும் மாரியோ பெரிதாகிறார். காளான் நன்மை தருவது என்பது தெளிவாகிறது.

இதே கட்டத்தின் பிற்பகுதியில் எதிரெதிரான இரு படிக்கட்டுகளுக்கு இடையே தரை உள்ளது. அங்கு தவறி விழுந்தாலும் ஆபத்தில்லை. அடுத்து வரும் அதே போன்ற படிக்கட்டுகளுக்கு இடையே பள்ளம் உள்ளது. பாதுகாப்பான இடத்தில் ஒரு பயிற்சி, அதன் பின்னரே தேர்வு என்பதே இதன் முறை.

தட்டுப்பாடு தந்த தீர்வுகள்

இந்த விளையாட்டின் மொத்த அளவு 40 கிலோபைட் மட்டுமே. கைப்பேசியில் இன்று எடுக்கப்படும் ஒரு புகைப்படமே பொதுவாக இதைவிடப் பல மடங்கு பெரியது. இதனால், வானத்து மேகங்களுக்கும் தரையில் உள்ள புதர்களுக்கும் ஒரே வரைபடம், நிறத்தை மட்டும் மாற்றிப் பயன்படுத்தப்பட்டது. கோஜி கோண்டோவின் இசையும் ஆட்டத்துடன் இணைந்து இயங்குகிறது. நேரம் 100-க்குக் கீழ் குறைந்தால் இசை வேகமெடுத்து எச்சரிக்கிறது. இதன் முகப்பு இசையை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2023-ஆம் ஆண்டு தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. அப்பட்டியலில் இடம்பெற்ற முதல் வீடியோ கேம் இசை இதுவே.

இந்திய வீடுகளில்

1990-களில் இந்தியச் சிறுவர்கள் பலர் மாரியோவை அறிந்தது, தொலைக்காட்சியுடன் இணைக்கப்படும் மலிவு விலை நகல் கருவிகள் வாயிலாகத்தான். '9999 விளையாட்டுகள்' என அச்சிடப்பட்ட கேசட்டுகளில் ஒரு சில விளையாட்டுகளே திரும்பத் திரும்ப இடம்பெற்றிருந்தன. விளக்கக் கையேடு இல்லாமலும், ஆங்கிலம் அறியாமலும் அவர்களால் ஆட முடிந்ததற்கு இந்தச் சொல்லில்லாக் கற்பித்தல் முறையே துணை நின்றது.

மற்றவை எங்கே?

மாரியோவை நிண்டெண்டோவின் கட்டணச் சேவை மூலம் இன்றும் ஆடலாம். அதன் சமகால விளையாட்டுகள் பலவற்றுக்கு இந்த வாய்ப்பு இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் தற்போது விற்பனையில் இல்லை என வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட ஆய்வு தெரிவித்தது. அவற்றை நூலகங்கள் ஆய்வாளர்களுக்கு இணையவழியில் வழங்க அனுமதிக்கும் விதிவிலக்கை அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் ஏற்க மறுத்தது.

திரைப்படத்தைப் பார்த்தும் நூலைப் படித்தும் அறிவது போல, ஒரு விளையாட்டை ஆடினால்தான் முழுமையாக அறிய முடியும். மாரியோவின் முதல் கட்டம் கற்பிக்கும் முறையை இன்றும் ஒருவர் நேரில் உணர முடிகிறது. விற்பனையிலிருந்து மறைந்த விளையாட்டுகள் எதைக் கற்பித்தன என்பதை அறியும் வழிதான் குறுகி வருகிறது.