திரை இருண்டால் இரத்தம் நின்றுவிட்டதா?

போர்க்காலத்தில் காலில் செல்துண்டு பாய்ந்து, வருடங்கள் கழிந்தும் வீக்கமும் கடுப்பும் ஆறாமல் சிகிச்சைக்காகக் கொழும்புக்கு வரும் சகோதரிகள் பலர் வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீடுகளில் தங்குவார்கள். 'டொப்ளர் ஸ்கான் எடுத்து வாருங்கள்' என்று வைத்தியர் எழுதிக் கொடுத்ததும் எழும் முதற் கேள்வி, 'உள்ளே இரும்பு கிடக்கிறதே, பரவாயில்லையா?' என்பதுதான். பரவாயில்லை. இது வெறும் ஒலி, துண்டை இழுக்காது. காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கானுக்குத்தான் அதைக் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

வெள்ளவத்தைக் கடற்கரையோரம் புகையிரதம் ஊதிக்கொண்டு போகும்போது கவனித்திருப்பீர்கள். நெருங்கும்வரை கீச்சென்று கேட்கும் ஊதல், நம்மைக் கடந்ததும் சட்டெனத் தடித்துவிடும். இந்த விளைவை 1842இல் விளக்கியவர் ஒஸ்திரிய அறிஞர் கிறிஸ்டியன் டொப்ளர். ஓடும் இரத்தத்தில் பட்டுத் திரும்பும் ஒலியும் இப்படித்தான் மாறுகிறது.

திரையில் தெரியும் சிவப்பும் நீலமும் நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் அல்ல. கருவியை நோக்கி வருவது ஒரு நிறம், விலகிப் போவது மற்றது. ஒரு பொத்தானை அழுத்தினால் இரண்டும் இடம்மாறும்!

ஒலி உடலுக்குள் செக்கனுக்கு ஏறத்தாழ 1540 மீற்றர் ஓடும். 4 சென்ரிமீற்றர் ஆழம் போய்த் திரும்ப, ஒரு செக்கனைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் அதில் 52 பங்கு போதும். எதிரொலி வந்தபின்தான் அடுத்த ஒலித்துடிப்பு போகும். செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்பதை ஸ்கான் எடுப்பவர் கூட்டிக் குறைக்கலாம். நாடியின் வேகமான ஓட்டத்துக்கு அதிகம் வேண்டும். குறைத்தால் நிறங்கள் தலைகீழாகக் குழம்பும். நாளத்திலோ இரத்தம் மெதுவாக ஓடும். நாடிக்கு வைத்த அளவிலேயே நாளத்தைப் பார்த்தால், ஓடும் இரத்தமும் தெரியாமல் திரை இருண்டு கிடக்கும். சுவரின் அசைவை நீக்கும் வடிகட்டியைக் கூட்டி வைத்தாலும், கருவியை நாளத்துக்குச் செங்குத்தாகப் பிடித்தாலும் அதே கதைதான். செல்துண்டின் பின்னாலும் நிழல் விழும்.

ஆகவே நிறம் இல்லை என்றவுடன் 'அடைத்துவிட்டது' என்று கலங்காதீர்கள். அளவைக் குறைத்து, கோணத்தை மாற்றி மறுபடி பார்ப்பார்கள். நாளத்தைக் கருவியால் அழுத்துவார்கள். இரத்தக் கட்டி இல்லாவிட்டால் அது தட்டையாகிவிடும். ஓட்டத்தை விரைவாக்கக் கெண்டைக்காலையும் பிசைவார்கள். முன்பின் தெரியாதவர் தொடையில் கைவைப்பது நம்மில் பலருக்குச் சின்ன விடயமல்ல. என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பெண் தாதி ஒருவரையோ கூட வந்தவரையோ பக்கத்தில் நிற்கவிடச் சொல்லுங்கள்.

பழைய எக்ஸ்ரே படங்கள் இருந்தால் கொண்டுபோங்கள். தழும்பின்மேல் உள்ளங்கையை வைத்தால் பூனை உறுமுவதுபோல் அதிர்வு தெரிகிறதா? காயத்தால் நாடியும் நாளமும் ஒன்றோடொன்று இணைந்திருக்கலாம். அதை ஸ்கான் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.