பஞ்சத்திலும் பூத்த பத்து மணிப் பூ

2019 கோடையில் சென்னையில் தண்ணீர்ப் பஞ்சம். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற நாட்கள். "குடிக்கவே தண்ணி இல்ல, செடி ஒரு கேடா?" என்று மாமியார் திட்ட, மாடியில் ரோஜாவெல்லாம் காய்ந்து போனது. டேபிள் ரோஸ் எனும் பத்து மணிப் பூ மட்டும் பிழைத்தது. இலையிலும் தண்டிலும் அது தண்ணீரைச் சேமித்து வைக்குமாம்.

விரல் நீளத் தண்டைக் கிள்ளி நட்டால் போதும். பாதி செம்மண், பாதி மணல்; தொட்டியின் அடியில் ஓட்டை அவசியம். மண் காய்ந்த பிறகே அரிசி களைந்த தண்ணீர் ஊற்றுவேன். அதிகமானால் வேர் அழுகிவிடும். நல்ல வெயில் வேண்டும். நுனியைக் கிள்ளிவிட்டால் தொட்டியை மூடிப் படரும்.

இப்போது மாமியாரே தினமும் மாடியேறி, "இன்னிக்கு எத்தனை பூத்திருக்கு?" என்று எண்ணுகிறார். நீங்களும் ஒரு தண்டு கேட்டு வாங்கி நட்டுப் பாருங்களேன், தோழிகளே!

- ஒரு வாசகி, சென்னை.