சீட்டு குலுக்கிப் போட்டு ஊர் சுத்தலாமா?

சமூக அறிவியல் பாடத்துல அட்சக்கோடு, தீர்க்கக்கோடு எல்லாம் படிச்சிருக்கோம். பரீட்சையில ரெண்டு மார்க் வாங்கினதோட அதை மறந்துடறோம். அந்தக் கோடுகள் ஒன்றையொன்று வெட்டுகிற இடத்தில் நிஜமாவே என்ன இருக்கும்னு யாராச்சும் போய்ப் பார்த்திருக்காங்களா? பார்த்திருக்காங்க!

அமெரிக்காவைச் சேர்ந்த அலெக்ஸ் ஜாரெட் என்பவர் 1996-இல் இதை ஆரம்பித்தார். ஜி.பி.எஸ். கருவி ஒன்று வாங்கினவர், அதை வச்சு முழு டிகிரிக் கோடுகள் சந்திக்கும் இடத்துக்குப் போய் போட்டோ எடுத்தார். பிறகு பல நாட்டுக்காரங்களும் சேர்ந்துட்டாங்க. அந்தப் புள்ளிக்கு 100 மீட்டருக்குள் போகணும், நாலு திசையும் போட்டோ எடுக்கணும், கருவியில் தெரியும் எண்ணையும் எடுக்கணும். பார்த்ததை எழுதணும்.

உலகத்துல இப்படி எத்தனை புள்ளி இருக்கும்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். வடக்கே 89, தெற்கே 89, நடுவில் நிலநடுக்கோடு, ஆக 179. அதை 360-ஆல் பெருக்கினா 64,440. ரெண்டு துருவத்தையும் சேர்த்தா 64,442. இதுல பாதிக்கு மேல கடல்ல விழுந்துடும். நிலத்துல விழுறதுல நிறைய பாலைவனத்துல.

நாம டூர் போனா ஊட்டி, பழனி, மருதமலைன்னுதான் போறோம். எண்ணுக்கு ஊட்டியும் தெரியாது, பழனியும் தெரியாது. அது எங்கே போன்னு சொல்லுதோ அங்கேதான் போகணும். எனக்குப் பிடிச்சது இதுதான்.

பாலைவனத்தில் போவது லேசான வேலை இல்லைங்க. மணலில் புதையாமல் இருக்க வண்டி டயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிடுவார்கள். ஒரு வண்டி மாட்டிக்கிட்டா இழுக்க இன்னொரு வண்டியும் கூட வரணும். தண்ணி கூடுதலா வேணும். எங்கே போறோம், எப்போ வருவோம்னு ஒருத்தர்கிட்ட சொல்லிட்டுப் போகணும். செல்போன் டவர் இல்லாத இடத்திலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும். ஏன்னா அது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களில் நாலு தெரிஞ்சாப் போதும், நிற்கும் இடத்தைக் கணக்குப் போட்டுவிடும். வரைபடத்தை மட்டும் முன்னாடியே போனில் இறக்கி வச்சுக்கணும்.

நம்ம நாட்டில் 27 டிகிரி வடக்கு, 71 டிகிரி கிழக்கு என்ற புள்ளி தார் பாலைவனத்தில், ஜெய்சால்மருக்குப் பக்கத்தில் வருகிறது. பாலைவனம்னா வெறும் மணல்னுதானே நினைக்கிறோம்? அந்தப் பக்கம் சேவண் என்ற புல்லும் கேஜ்ரி என்ற மரமும் இருக்கு. ஆடு மாடு அதை நம்பித்தான் இருக்குது.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். 11 டிகிரியும் 77 டிகிரியும் சேரும் இடம் கோயம்புத்தூருக்குள்ளேயே இருக்கு, ரயில்வே ஜங்ஷனுக்குக் கிழக்கே மூணு நாலு கிலோமீட்டர்! 11, 78 கரூருக்கு மேற்கே. ரெண்டுக்கும் இடையே சுமார் 109 கிலோமீட்டர். அந்த 11 டிகிரிக் கோடு பல்லடம், காங்கேயம் வழியா நேராப் போகுது.

ஒரு டிகிரிக்கு 60 நிமிடம். அதனால 0 முதல் 59 வரை சீட்டு எழுதிக் குலுக்கினேன். 40 வந்தது. 77 டிகிரி 40 நிமிடம். போனில் போடும்போது 40-ஐ 60-ஆல் வகுத்து 77.6667 என்று போடணும். காங்கேயத்துக்குக் கிழக்கே பதினோரு கிலோமீட்டர் போல வருது. லீவுக்கு அந்தப் பக்கம் அப்புச்சி வீட்டுக்குப் போனப்ப, அவரையே கூட்டிக்கிட்டுப் போனேன்.

அது ஒரு கொறங்காடு. பஸ்ல போறப்ப எத்தனையோ தடவை பார்த்து, "பாலைவனமாட்டம் சும்மா கெடக்குது" என்று நாம சொல்ற அதே காடு. அப்புச்சிக்குக் கோபம் வந்துடுச்சு. "சும்மா கெடக்குதா அம்மிணி? கீழ பாரு" என்றார். காஞ்ச கொழுக்கட்டைப் புல்லை வேரோடு இழுத்துப் பார்த்தேன், வரவே இல்லை. ஒரு மழை பேஞ்சா அதுவே துளிர்க்குமாம். புல் இல்லாத மாசத்துல வெள்வேல மரத்துக் காய் உதிரும், மாடு அதைத் தின்னும். சுத்தி உயிர்வேலி கிளுவை. காங்கேயம் மாடு வளர்ந்தது இந்தப் புல்லிலதான். கொழுக்கட்டைப் புல் இனம் ராஜஸ்தான் பக்கமும் மேய்ச்சலுக்கு இருக்குதாம், அங்கே தாமன் என்பார்கள்.

வரைபடத்துல அந்த இடத்தில் ஒண்ணுமே எழுதலை, வெறும் வெள்ளை. அதைப் பார்த்துத்தான் "காலி நிலம்" என்று விலை பேச வராங்க போல. பக்கத்துக் காட்டில் சைட்டுக்குக் கல் நட்டாச்சு.

நீங்களும் சீட்டு குலுக்கிப் பாருங்க. புள்ளி யார் காட்டில் விழுதோ அவங்களைக் கேட்டுட்டு உள்ளே போங்க. படலைத் திறந்தா மறுபடி சாத்திடுங்க, மாடுக ராத்திரி பகலா அவுத்து விட்டுத்தான் இருக்கும்.