காத்துல 41 சதவீதம் ஈரம்!

மொட்டை மாடியில் பத்து பைகளில் தக்காளி, வெண்டை. கூடவே ஒரு சின்ன பம்ப், ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு மண் ஈரப்பத சென்சார். 'மண் காய்ஞ்சா தானே தண்ணி ஊத்திக்கும் தோட்டம்!' இதுதான் பாஸ் எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்.

இடம், ஆவடி பக்கம் சேக்காட்டில் நண்பனோட வீடு. ரிச்சி ஸ்ட்ரீட்டில் சென்சார் வாங்கினோம், மண்ணில் செருகினோம். 'ஈரம் 30 சதவீதத்துக்குக் கீழே போனா பம்ப் ஓடணும்'னு புரோகிராம் எழுதினோம். ஸ்க்ரீன்ல 60 காட்டிச்சு. "அம்மா, நாலு நாள் நீங்க தண்ணியே ஊத்த வேணாம். மிஷின் பார்த்துக்கும்"னு பெருமையா சொல்லிட்டு ஏப்ரல் லீவுக்கு டூர் கிளம்பிட்டோம்.

திரும்பி வந்தா, தக்காளி அப்பளமா நொறுங்குது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம்னு நாலு ஏரியும் வறண்டு கிடந்தப்போ, அரிசி கழுவின தண்ணியை ஊத்தி அந்தம்மா காப்பாத்தின கறிவேப்பிலைகூட இலை உதிர்த்து நின்னுச்சு. ஸ்க்ரீன் மட்டும் ஜம்முனு '45%' காட்டிக்கிட்டு இருந்தது. அம்மா எங்களைத் திட்டவே இல்லை. அதுதான் ரொம்ப வலிச்சது.

பல்பு வாங்கிய கதை

ரிவ்யூவில் சார் ஒண்ணும் பேசலை. சென்சாரை மண்ணிலிருந்து உருவி, துடைச்சு, காத்துல தூக்கிப் பிடிச்சார். ஸ்க்ரீனில் 41. "காத்துல 41 சதவீதம் ஈரமாப்பா?"

கிளாஸே சிரிச்சது. விஷயம் இதுதான். வர்ற வோல்டேஜை போர்டு 0 முதல் 1023 வரை ஒரு எண்ணா மாத்தும். 5 வோல்ட்னா 1023. ஆனா நாங்க வாங்கின கெபாசிட்டிவ் சென்சார் அதிகபட்சமே சுமார் 3 வோல்ட்தான் தரும். காத்துல சுமார் 600, தண்ணியில சுமார் 300. ஈரம் கூடக் கூட எண் குறையும். நாங்களோ 0ன்னா முழு ஈரம், 1023ன்னா சுத்தமா காய்ஞ்சதுன்னு எழுதி வெச்சிருந்தோம். 600க்குக் கணக்கு போட்டுப் பாருங்க, 41 வரும்! பாலைவனத்தில் நட்டிருந்தாலும் அது 30க்கு இறங்கியிருக்காது.

சென்சாருக்குப் பாடம் எடுங்க

சென்சாருக்கு ஈரம்னா என்னன்னே தெரியாது. அது அளக்கிறது மின்காப்புத் தன்மையை. தண்ணிக்கு அது சுமார் 80, காய்ஞ்ச மண்ணுக்கு 3லிருந்து 5, காத்துக்கு 1. அதை ஈரமா மொழிபெயர்க்கிறது நம்ம வேலை.

அதுக்கு உங்க செடி வளர்ற அதே மண்ணை எடுத்து நல்லா காய வையுங்க. 1 லிட்டர் அளவு மண்ணை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மட்டத்தில் ஒரு கோடு போட்டுக்குங்க. சென்சாரைச் செருகி எண்ணைக் குறிச்சுக்கணும். அப்புறம் 100 மில்லி தண்ணி கலந்து, அதே கோடு வரைக்கும் அமுக்கி, மறுபடி குறிக்கணும். இது 10 சதவீதம். இன்னொரு 100 ஊத்தினா 20. இப்படி மண் தண்ணி குடிக்க மறுக்கிற வரை போங்க. கிடைச்ச எண்களை கிராஃப்ல போட்டா, அதுதான் உங்க அளவுகோல். வேற மண்ணுக்கு மாறினா, வேற கிராஃப்.

இன்னொரு ட்விஸ்ட். மணலில் 10 சதவீதமே போதுமான ஈரம். கெட்டியான களிமண்ணில் 25 இருந்தும் செடி வாடலாம். களிமண் தண்ணியை இறுக்கிப் பிடிச்சுக்கும், வேருக்கு விடாது. அதனால எப்போ பம்ப் ஓடணும்னு நெட்டில் தேடாதீங்க. செடி லேசா வாடும்போது வர்ற எண்ணைப் பார்த்து, அதுக்குக் கொஞ்சம் மேலே வையுங்க.

செருகறதுல இருக்கு சூட்சுமம்

* சென்சாருக்கும் மண்ணுக்கும் நடுவே காத்து இடைவெளி கூடாது. இருந்தா ஈர மண்ணையும் 'காய்ஞ்சது'ன்னு சொல்லும். செருகிட்டு சுத்தி அமுக்கிவிடுங்க. ஆட்டி ஆட்டிச் செருகினா ஓட்டை பெரிசாகும்.
* சொட்டு விழற இடத்துக்கு நேர் கீழேயும் வேணாம், பையின் ஓரமும் வேணாம். வேர் இருக்கிற ஆழத்தில் வையுங்க.
* மேலே சிப் இருக்கிற பகுதி மண்ணுக்கு வெளியே நிக்கணும். வெட்டுன ஓரங்களில் நெயில் பாலிஷ் பூசினா தண்ணி உள்ளே ஊறாது.
* ரெண்டு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கிற மலிவு சென்சார் உரத்தின் உப்பையும் ஈரம்னு நினைச்சுக்கும். எப்பவும் மின்சாரம் ஓடினா சீக்கிரம் அரிச்சும் போகும்.

கோவை காட்டும் வழி

கோவையில் 1912லிருந்து இயங்கற கரும்பு இனப்பெருக்க நிறுவனம், விவசாயிகளுக்காக ஒரு மண் ஈரங்காட்டியை உருவாக்கியிருக்கு. அதில் எண்ணுக்குப் பதிலா விளக்குகள்தான். நீலம்னா ஈரம் தாராளம், பச்சைன்னா போதும், ஆரஞ்சுன்னா தண்ணி பாய்ச்சத் தயாராகு, சிவப்புன்னா உடனே பாய்ச்சு. விவசாயிக்குத் தேவை முடிவு, தசமப் புள்ளி இல்லைன்னு புரிஞ்சு செஞ்ச கருவி!

நாங்களும் டப்பாவும் மண்ணுமா உட்கார்ந்து, ரெண்டு வாரத்தில் ப்ராஜெக்டைத் திருத்தி பாஸாயிட்டோம். கறிவேப்பிலையும் துளிர்த்துடுச்சு. ஆனா அந்தம்மா இப்பவும் ஸ்க்ரீனைப் பார்க்கறதுக்கு முன்னாடி, மண்ணில் விரலை விட்டுப் பார்க்கிறாங்க.

நாங்களும்தான்!