ஸ்கூட்டர் டயரைத் தெரிந்து வாங்குதல்

சென்ற ஆண்டு ஐப்பசித் திங்களில் ஒரு நாள் மாலை எந்தையார் ஸ்கூட்டரில் இல்லந் திரும்புங்கால், தெருமுனையில் வளைந்த அளவில் வண்டி அவரைக் கீழே வீழ்த்திற்று. விரைந்து வந்தாரல்லர், சிறு தூறல் பெய்து ஓய்ந்திருந்தது, அவ்வளவே. இடக்கை மணிக்கட்டு முறிந்தது. மறுநாள் வண்டியை நிறுத்திப் பார்த்தேன். பின்னுருளையிற் புத்தம் புதிய டயர் இருந்தது. முன்னுருளையிலோ அதற்குமுன் பின்னே கிடந்து தேய்ந்த பழைய டயர். அதற்கு மூன்று திங்கள் முன்னர் முன் டயர் வெடிப்புற்றமையால் ஒரு கடைக்குச் சென்றிருந்தோம். “பாரமெல்லாம் பின்னேதானே விழுகிறது, புதியதைப் பின்னே போட்டுப் பழையதை முன்னே தள்ளிவிடலாம், ஒரு டயர் விலையோடு போயிற்று” என்றார் கடைக்காரர். சிக்கனமென்று மகிழ்ந்து தலையசைத்தவன் யானே. அத்தலையசைப்பின் பிழை யாதென ஆராயப் புகுந்து அறிந்தவற்றை ஈண்டுக் கூறுகின்றேன்.

கடைக்காரர் கூற்றில் ஒரு பாதி உண்மை உளது. ஸ்கூட்டரின் பொறி பின்னுருளையை ஒட்டியே அமைந்தது. ஏறியிருப்போர் பாரமும் பெரும்பாலும் பின்னையதே தாங்கும். வண்டியை உந்துவதும் அதுவே. ஆதலின் பின் டயர் விரைந்து தேய்வது இயல்பு. ஆயின் தேய்வு வேறு, இடர் வேறு. பிரேக்கைப் பிடித்தவுடன் வண்டியின் பாரம் முன்னோக்கிச் சாய்கின்றது. நிறுத்தும் வேலையின் பெரும்பங்கு அப்போது முன் டயரைச் சார்கின்றது. வளைவில் வழிகாட்டுவதும் அதுவே. பின்னுருளை வழுக்கினால் வண்டி வாலையாட்டும்; ஓட்டுவோர் பலகாலும் சமாளித்துக்கொள்வர். முன்னுருளை வழுக்கினாலோ சமாளிக்கக் கிடைக்கும் நேரம் கண்ணிமைப் பொழுதுமன்று. மேலும், நேர்வழியே பாரத்தோடு ஓடியோடிப் பின் டயரின் நடுப்பாகம் தட்டையாகிவிடும். அத்தட்டைப் பொருளை முன்னே பூட்டிச் சாய்த்து வளைத்தால், தட்டையின் விளிம்பின்மேல் உருளை ஏறியிறங்கும்போது வண்டி திடுமென ஒரு புறம் விழுவதுபோல் ஆகும். எந்தையார்க்கு நேர்ந்தது இதுவே என்று கருதுகின்றேன்.

பெரிய மோட்டார் சைக்கிளினும் ஸ்கூட்டர்க்கு இவ்வெச்சரிக்கை மிகுதியும் வேண்டும். ஏனெனின் அதன் உருளை சிறிது. 1946-ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டுப் பியாஜியோ நிறுவனத்தார் வெஸ்பாவை வெளியிட்டபோது, அதனை வகுத்த கொர்ரடீனோ தஸ்கானியோ என்பார் வானவூர்திப் பொறியியல் வல்லுநர். மோட்டார் சைக்கிளில் டயர் பஞ்சரானாற் படும் பாட்டை அவர் வெறுத்தாராம். ஆகவே வானவூர்தியின் உருளைபோல ஒரு புறத்தேமட்டும் தாங்கப்பெற்று, எளிதிற் கழற்றத்தக்க சிற்றுருளையை அமைத்தார். வசதி வந்தது, அதனோடு ஒரு கடனும் வந்தது. 90/100-10 என்னும் அளவுடைய ஸ்கூட்டர் டயரின் விட்டம் ஏறத்தாழ 434 மில்லிமீட்டர். அது ஒரு கிலோமீட்டர் செல்வதற்கு 730 சுற்றுக்கு மேலும் சுழல வேண்டும். மோட்டார் சைக்கிளில் வழங்கும் 100/90-17 டயர்க்கு ஏறத்தாழ 520 சுற்றுப் போதும். சிறியது மிகுதியுஞ் சுழல்கின்றது, குழியில் ஆழ இறங்குகின்றது, விரைவில் தேய்கின்றது.

இனி, டயரின் பக்கச்சுவரிற் பொறித்த எழுத்துக்களைப் படிக்கும் முறை. எழுத்தறிந்த நாம் எத்தனையோ கல்வெட்டுக்களைப் படிக்க முயல்கின்றோம். தினமும் ஏறிச் செல்லும் டயரைப் படிப்பாரைக் காண்டல் அரிது! மேற்சொன்ன 90/100-10 என்பதில் 90 என்பது மில்லிமீட்டரில் அகலம். 100 என்பது அவ்வகலத்துக்கு டயரின் உயரம் நூற்றுக்கு எத்தனை என்பது. அஃதாவது உயரமும் 90 மில்லிமீட்டரே. 10 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். கடைகளில் இதனோடு 100/90-10 என்னும் மற்றொன்றைக் குழப்புவது உண்டு. கணக்கிட்டுப் பார்ப்பின் இரண்டற்கும் உயரம் ஒன்றே. பின்னையது 10 மில்லிமீட்டர் அகலமானது. “அகலமானது நல்ல பிடிப்பு” என்று சொல்லி விற்பர். ரிம் அதற்கு ஏற்றதன்றாயின் டயரின் வடிவங் கெடும். மட்கார்டில் உரசவுங் கூடும். வண்டியோடு வந்த கைப்புத்தகத்திற் குறித்த அளவே அளவு.

அடுத்து 53ஜே என்றாற்போல ஓர் எண்ணும் எழுத்தும் நிற்கும். 53 என்பது அந்த டயர் தாங்கவல்ல பாரம் 206 கிலோகிராம் என்பதற்கும், ஜே என்பது மணிக்கு 100 கிலோமீட்டர் வேகம் வரை என்பதற்கும் குறியீடு. பழைய டயரில் உள்ளவற்றினும் இவை குறைந்தனவாயின் மலிவென்றும் வாங்கலாகாது. சில டயர்களில் முன்னுக்கென்றோ பின்னுக்கென்றோ பொறித்திருக்கும். சுழலுந் திசை காட்டும் அம்புக்குறியும் இருக்கும். 2020-க்கு முன்னர் வந்த 110 சி.சி. ஹோண்டா ஆக்டிவாக்களில் முன்னும் பின்னும் ஒரே அளவு. எம் வண்டி அவ்வகையைச் சார்ந்தது, அதனாலன்றோ அந்த இடமாற்றம் அத்துணை எளிதாயிற்று! அவ்வாண்டில் வந்த ஆறாந் தலைமுறையில் முன்னுருளை 12 அங்குலமாயிற்று. இந்தியாவில் விற்கும் டயர்க்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை வேண்டுமென்பது 2009-ஆம் ஆண்டு அரசாணை. அதனையும் ஒருமுறை நோக்கிக்கொள்க.

எல்லாவற்றினும் பலர் பாராது விடுவது பிறந்த நாள். ஒரு சிறு நீள்வட்டத்துள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றிருப்பின், 2019-ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்திற் செய்யப்பட்டது என்று பொருள். ரப்பர் ஓடாமற் கிடந்தாலும் மூப்படையும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெயிலும் அதனை மெல்ல மெல்ல இறுகச் செய்யும். நெகிழ்ச்சி குன்றிய ரப்பர், பட்டன் ஆழமாயிருப்பினும், ஈரத்தில் தரையைப் பற்றாது. எம் வீட்டில் வெடிப்புற்ற அந்த முன் டயர் தேய்ந்ததன்று. அதன் இலக்கங்களைப் பின்னர்ப் படித்தபோது, வாங்கிய நாளிலேயே அதற்கு நான்கு வயது நிரம்பியிருந்ததை அறிந்தேன். எனவே, கடையில் இரண்டு மூன்றை இறக்கச் சொல்லி, இலக்கம் பார்த்து எடுப்பதில் நாணமொன்றும் வேண்டா.

மாற்றுங்காலம் எதுவெனின், பட்டன்களின் இடையே குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும், பக்கச்சுவரில் டி.டபிள்யூ.ஐ. என்னும் எழுத்தோ முக்கோணமோ அவை இருக்குமிடத்தைக் காட்டும். பட்டன் அம்மேட்டளவு தேய்ந்தால் டயரின் ஆயுள் முடிந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி இருசக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டர் ஆழத்துக்குக் குறையலாகாது. நம் ஊர் மழைக்கு அந்த எல்லைவரை காத்திராது, ஐப்பசிக்கு முன்பே மாற்றிவிடல் நன்று என்பது என் துணிபு.

டியூப் உடையதா, இல்லாததா என்பது விருப்பத்தைப் பொறுத்ததன்று, ரிம்மைப் பொறுத்தது. பழைய வெஸ்பா, பஜாஜ் சேட்டக் முதலியவற்றின் ரிம் இரு பாதிகளாய்ப் போல்ட்டால் இணைந்தது. இணைப்பின் வழியே காற்றுக் கசியுமாதலின் அதற்கு டியூப் இன்றியமையாதது. ஒரே வார்ப்பான ரிம் உடைய புதிய வண்டிகளில் டியூப் இல்லாததே சிறந்தது. ஆணி தைத்தாலும் காற்று மெதுவாகவே வெளியேறும். டியூப்போ கிழிந்தால் நொடியில் அடங்கிவிடும்.

டயர் மாற்றும்போதே வால்வையும் புதிதாக மாற்றச் சொல்லுக. அதன் ரப்பரும் டயரோடு மூத்ததே. புது டயரின்மேல் வார்ப்பின் வழவழப்பு இருக்கும்; முதல் நூறு கிலோமீட்டராவது வளைவில் மிகச் சாயாமலும், பிரேக்கை வன்மையாய்ப் பிடியாமலும் செல்லல் வேண்டும். காற்றை, வண்டி ஓடிச் சூடேறுமுன், முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனியே குறித்த அளவில் நிரப்புக. பின்னே ஆளேறின் பின்னுருளைக்கு அளவு கூடும். இம்முறை எம் வண்டிக்கு இரண்டு டயரும் புதியன வாங்கினோம். எந்தையார் கட்டவிழ்த்த கையோடு கடைக்கு வந்து, குனிந்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, அந்நான்கு இலக்கங்களையும் தாமே வாய்விட்டுப் படித்த பின்னரே பணத்தை எடுத்தார்.