அந்நியருக்கும் நீதிமன்றம் உண்டா?

இவ்வாண்டு குடிமையியல் பாடத்தையொட்டி எங்கள் வகுப்பில் மாதிரி நீதிமன்றம் ஒன்று அமைத்தோம். அதற்கென ஒரு சிறு அரசியலமைப்பும் எழுதினோம். "இவ்வகுப்பு மாணவியர் மட்டுமே இங்கு வழக்குத் தொடுக்கலாம்" என்பது அதன் மூன்றாம் விதி. முதல் வாரமே வந்தது சோதனை! ஒன்பதாம் வகுப்புத் தங்கை ஒருத்தி, தன் குடையை எங்களில் ஒருத்தி இரவல் வாங்கி உடைத்துவிட்டதாகப் புகார் எழுதிக்கொண்டு வந்தாள். எங்கள் நீதிபதி விதியைக் காட்டி, "நீ எங்கள் பிரஜை அல்ல, போய் வா" என்று அனுப்பிவிட்டாள். நாங்கள் கைதட்டினோம். சிஸ்டர் மட்டும் கைதட்டவில்லை. "உடைத்தவள் உங்கள் பிரஜை. அவளைக் கேட்க இந்தக் குழந்தை வேறு எந்தக் கோர்ட்டுக்குப் போவாள்? நம் நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்" என்றார். அப்படித் தேடியதில் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

நம் திருப்பூரில் இது வெறும் ஏட்டுக் கேள்வி அன்று. காதர்பேட்டையில் மூட்டை மூட்டையாகப் பனியன் வாங்கும் நைஜீரிய வியாபாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். 1983-க்குப் பின் கடல் கடந்து வந்த இலங்கைத் தமிழர் பலர் தமிழகமெங்கும் முகாம்களில் வாழ்கின்றனர். அருகே பவானிசாகரிலும் ஒரு முகாம் உண்டு. உரிய ஆவணமின்றிப் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்த வங்கதேசத்தவர் பிடிபட்டதாகச் செய்தித்தாளிலும் படிக்கிறோம். இவர்களில் ஒருவர் மூன்று வாரம் பவர் டேபிளில் தைத்து, சனிக்கிழமைச் சம்பளம் கைக்கு வரவில்லை என்றால், யாரிடம் போய்க் கேட்பது?

விடை நம் அரசியலமைப்பின் சொற்களிலேயே இருக்கிறது. பேச்சுரிமை, தொழில் செய்யும் உரிமை, நாட்டில் எங்கும் குடியிருக்கும் உரிமை ஆகியவற்றைக் கூறும் 19-ஆம் பிரிவு, "குடிமக்கள்" என்கிறது. ஆனால் சட்டத்தின் முன் சமம் என்னும் 14-ஆம் பிரிவும், உயிரையும் உடல் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆம் பிரிவும் குடிமகன் என்று சொல்லவில்லை. "எந்த நபரும்" என்ற பொருளில் பேசுகின்றன. படிக்கும்போது நாங்கள் கவனிக்காமல் தாண்டிச் சென்ற சொல் இது.

அதற்கும் முற்பட்டது 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம். அதன் 83-ஆம் பிரிவு அந்நியரை இரு வகையாகப் பிரிக்கிறது. நட்பு நாட்டார் நம் குடிமக்களைப் போலவே வழக்குத் தொடுக்கலாம். நம்மோடு போரிடும் நாட்டார் மத்திய அரசின் அனுமதியோடு இங்கு வசித்தால் மட்டுமே தொடுக்க முடியும். ஆகவே காதர்பேட்டை வியாபாரி, முன்பணம் வாங்கிக்கொண்டு சரக்கு அனுப்பாதவர்மீது தாராளமாக வழக்குப் போடலாம்.

இனி, எங்கள் மனத்தை மிகவும் தொட்ட வழக்கு. 1998-இல் வங்கதேசப் பெண் ஒருவர் கல்கத்தாவின் ஹௌரா ரயில் நிலையத்திற்கு வந்தபோது, ரயில்வே ஊழியர் சிலர் உட்படப் பலரால் பெருங்கொடுமைக்கு ஆளானார். அவருக்காக உயர்நீதிமன்றப் படியேறியவர் அந்நகரின் வழக்கறிஞர் சந்திரிமா தாஸ். பாதிக்கப்பட்டவர் இவருக்கு உறவும் அல்லர், ஒரே நாட்டவரும் அல்லர். உயர்நீதிமன்றம் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. ரயில்வே வாரியம் மேல்முறையீடு செய்தது. அவர் அந்நிய நாட்டவர், ஆகவே இந்த நிவாரணம் அவருக்குப் பொருந்தாது என்பது அதன் வாதங்களில் ஒன்று. எங்கள் நீதிபதியின் வாதமே அன்றோ இது! உச்சநீதிமன்றம் 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் அதை ஏற்க மறுத்தது. உயிருக்கும் மானத்திற்கும் உள்ள பாதுகாப்பு இம்மண்ணில் கால் வைத்த எவருக்கும் உண்டு என்று கூறி, 1948-இன் அனைத்துலக மனித உரிமைப் பிரகடனத்தையும் சான்றாகக் காட்டியது. அந்தத் தொகையை வங்கதேசத் தூதரகத்தின் வழியாக அப்பெண்ணுக்குச் சேர்க்கவும் ஆணையிட்டது.

ஆனால் வழக்காடும் உரிமை வேறு, வெல்லும் உரிமை வேறு. பெல்ஜியம் நாட்டுக் கத்தோலிக்க மிஷனரி லூயி டி ரேட் 1937 முதல் இந்தியாவில் பணியாற்றியவர். தங்கும் அனுமதியை நீட்டிக்க அரசு மறுத்தபோது அவர் உச்சநீதிமன்றம் சென்றார். 1991-இல் தீர்ப்பு அவருக்கு எதிராகவே வந்தது. உயிரும் சுதந்திரமும் அவருக்குப் பாதுகாக்கப்பட்டவை. இங்கேயே குடியிருக்கும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்றனர். ஐம்பது ஆண்டுக்கு மேல் இங்கு உழைத்தவரை அனுப்புவது எங்களுக்கு வருத்தமே. எனினும் அவர் சொல்வதை முழுதும் கேட்ட பின்னரே நீதிபதிகள் மறுத்தனர்.

இதற்கு நேர்மாறானது மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண்ணின் கதை. பெற்றோர் இலங்கை அகதிகள் என்று கூறி அவருக்குப் பாஸ்போர்ட் மறுக்கப்பட்டது. 1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர் பிறப்பால் இந்தியரே என்கிறது குடியுரிமைச் சட்டம். 2022-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அந்நியராக உள்ளே போனவர் குடிமகளாக வெளியே வந்தார்!

சரி, சம்பளம் கிடைக்காத அந்தத் தையல் தொழிலாளி? செய்த வேலைக்குக் கூலி கேட்கும்போது சட்டம் வேலை நடந்ததா என்றுதான் பார்க்கும். ஆனால் கோர்ட்டில் பெயரைச் சொன்னால் ஆவணமில்லாதது வெளிப்படும். பிறகு சிறை, நாடு கடத்தல். தாம் அந்நியர் அல்லர் என்று நிரூபிக்கும் பாரத்தையும் சட்டம் அவர் தலையிலேயே வைக்கிறது. 1946-இன் சட்டம் போய் 2025-இல் புதுச்சட்டம் வந்த பிறகும் இதில் மாற்றமில்லை. கதவு திறந்திருந்தாலும் அதன் வழியே நுழையத் துணிபவர் சிலரே. இதை அறிந்தே ஏமாற்றுபவரும் உண்டு.

வக்கீலுக்குப் பணம் இல்லாதவருக்கு ஒரு வழி இருக்கிறது. ஏழைகளுக்கு இலவச சட்ட உதவி என்று கூறும் 39அ பிரிவு "குடிமகன்" என்றே பேசுகிறது. ஆனால் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்த 1987-இன் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், "நபர்" என்று எழுதியிருக்கிறது. பெண்கள், குழந்தைகள், காவலில் இருப்போர் யாவரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுக்கலாம். வேறு நாட்டுப் பெண்ணும் இதில் அடக்கம்.

நாங்களும் எங்கள் மூன்றாம் விதியில் "இவ்வகுப்பு மாணவியர் மட்டுமே" என்பதை அடித்துவிட்டு, "எவரும்" என்று எழுதினோம். அந்தத் தங்கையை மீண்டும் அழைத்தோம். இரு பக்கமும் சாட்சிகள் வந்தனர். இரவல் கொடுக்கும் முன்பே குடையின் இரண்டு கம்பிகள் ஒடிந்திருந்தன என்று அவளுடைய தோழியே ஒப்புக்கொண்டாள். வழக்குத் தள்ளுபடியாயிற்று. குடையை மடித்துக்கொண்டு, "அடுத்த வாரமும் கோர்ட் உண்டா அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.